இயற்கையை முந்தின நாளே வைத்துவிட்டு வருபவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அதற்கு இயற்கை உலா ஆசிரியர் என்று பெயர். தொடக்கப் பள்ளிகளில் வாழும். ஆண்டுக்கு ஒரு முறை முப்பது குழந்தைகளை வெளியே ஓட்டிச் செல்லும். கழுத்தில் விசில், தலையில் தொப்பி, தோளில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியையே அடக்கிய பை, கையில் அட்டையில் செருகிய தாள். இந்த நான்கில் தாளை மட்டும் பிடுங்கிவிட்டால் அந்த உயிர் அங்கேயே சுருண்டு விழும்.

தாளில் என்ன இருக்கிறது? பார்க்க வேண்டியவை பத்து. நத்தை, இறகு, உதிர்ந்த இலை மூன்று வகை, பறவைக் கூடு, காய்ந்த விதை என்று வரிசை எண்ணோடு. எதிரே கட்டம். பார்த்தால் டிக். அவ்வளவுதான் இயற்கை. மீதியெல்லாம் வழியில் கிடக்கும் இடைஞ்சல்.

அதன் குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. பாருங்க, தொடாதீங்க. தொட்டாச்சா? சரி, மோந்து பார்க்காதீங்க. இப்ப மணி பத்து பத்து. பத்து பதினஞ்சு வரைக்கும் ரசிக்கலாம்." மரத்தை அண்ணாந்து பார்க்கும் குழந்தையைக் கீழே பார்த்து நடக்கச் சொல்லும், கீழே பார்த்து நடக்கும் குழந்தையை மரத்தைப் பார்க்கச் சொல்லும். இரண்டையும் விட்டுத் தாளையே பார்க்கும் குழந்தைக்கு நட்சத்திரம் ஒட்டும்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒன்றை வீட்டிலேயே வைத்திருந்தோம். என் அம்மா. மூன்றாம் வகுப்பு டீச்சர்.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு பயம். இயற்கை வராமல் போய்விட்டால்? அதற்கு வருகைப் பதிவேடு கிடையாதே. ஒரு வருடம் உலா அன்று மழை பிடித்துக்கொண்டது. மழை தாளில் இல்லை. முப்பது தாளும் வெறுமையாகத் திரும்பின. ஹெட்மாஸ்டர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த முறையும் இப்படியென்றால் உலாவே வேண்டாம், ஹாலில் திரையை இழுத்துவிட்டுக் காட்டைப் பற்றி ஒரு படம் போட்டுவிடலாம் என்றார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் குழந்தைகள் வருடத்தில் வகுப்பை விட்டு வெளியே போகும் ஒரே நாள் அது.

ஆகவே அடுத்த ஆண்டு, இயற்கையை முந்தின நாளே கொண்டுபோய் வைத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

ஒரு வாரம் சேகரித்தார். இறகுகள் அலமாரியில், கூடு டிவி மேல், இரண்டு குழந்தைக்கு ஒன்று வீதம் பதினைந்து நத்தைகள் ஃபிரிஜ்ஜின் காய்கறித் தட்டில். தக்காளி எடுக்கப் போன அப்பா, திறந்த கதவைப் பிடித்தபடி கேட்டார்.

"இது சமைக்கவா, சொல்லிக்குடுக்கவா?"

தக்காளி மேல்தட்டில் இருப்பதாகவும், நத்தைகளை எண்ணி வைத்திருப்பதாகவும் அம்மா சொன்னார்.

நத்தையில்தான் சிக்கல். இறகு வைத்த இடத்தில் இருக்கும். நத்தை நடக்கும். சமையலறை மேஜையில் ஸ்கேலை வைத்து, ஒரு நத்தையை ஓடவிட்டு, வேகத்தை அளந்தோம். அப்போது நான் பொறியியல் கடைசி வருடம். ஓய்வு நேரத்தைக் கழித்து, ஈரத்துக்கு ஐந்து சதவீதம் கூட்டி, காலை பத்து மணிக்குப் பூங்காவின் பெரிய மரத்தடியை அடைய வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். இரண்டு முறை சரிபார்த்தேன். பிழையே இல்லை. எந்தப் பக்கம் போகும் என்று யோசிக்க மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை.

காலை பத்து மணி. பூங்காவில் முப்பது குழந்தைகள், அம்மா, பையைத் தூக்க நான், தாள்களைச் சோதிக்க ஹெட்மாஸ்டர். மரத்தடியில் நத்தை ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் மாலை வைத்துவிட்டு வந்த மற்றவையும் இல்லை. ஹெட்மாஸ்டரே வருகிறார் என்று கேள்விப்பட்ட பூங்காத் துப்புரவாளர், விடிந்ததும் விடியாததுமாக வந்து இலை, இறகு, விதை, கூடு எல்லாவற்றையும் அள்ளி, தரையைத் துடைத்துவைத்த தட்டு மாதிரி ஆக்கியிருந்தார்.

அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில் தண்ணீர்க் குழாயருகே ஒரு சிறுமி உட்கார்ந்துவிட்டாள். ஏழெட்டு எறும்புகள் ஒரு செத்த வண்டைக் குழாய் மேடையில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தன. பாதி ஏறும், விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். இடது பக்கம் தூக்கு, இடது பக்கம் தூக்கு என்று அவள் வழிசொன்னாள். ஐந்து நிமிடத்தில் முப்பது பேரும் அங்கே குப்புறக் கிடந்தார்கள்.

அம்மா விசில் ஊதினார். "எழுந்திருங்க. அது தாள்ல இல்ல."

ஒருவரும் எழவில்லை. அதட்டப் போன ஹெட்மாஸ்டர் குனிந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, மேலே ஆள் பத்தாது, கீழே சும்மா நிற்பவர்களை அனுப்பு என்று எறும்புகளுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நாற்பது நிமிடம். வண்டு மேடையேறியது. எல்லோரும் கைதட்டினார்கள், அவர்தான் அதிகம் தட்டினார்.

பிறகு முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். முகம் மறுபடி ஹெட்மாஸ்டர் ஆயிற்று.

"நல்லாத்தான் இருந்தது டீச்சர். ஆனா தாள் காலியா இருக்கே."

திரை இழுத்த ஹால் அம்மாவின் கண்முன் வந்திருக்க வேண்டும். பேனாவை எடுத்தார். முப்பது தாளிலும் அடியில், கையாலேயே, பதினொன்று என்று எண் போட்டு எழுதினார்: தாளில் இல்லாதது. எதிரே கட்டம் வரைந்தார். முப்பது பேரும் டிக் போட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பதினொண்ணுல ஒண்ணு. போன தடவை பூஜ்யம். முன்னேற்றம்னு எழுதிக்கிறேன்."

உலா பிழைத்தது. அம்மா திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஆண்டு அந்தப் பதினொன்றாவது வரி அச்சிலேயே வந்தது. முந்தின நாள் மாலை, அதையும் வைத்துவிட்டு வரக் கிளம்பிப் போனார்.

இந்தக் குணம் வழிவழியாக வருவது. அம்மா போய் இரண்டு மாதம் ஆகிறது. அன்றைக்கு என் கையில் ஒரு தாள் இருந்தது. டாக்டர் கையெழுத்து, வண்டி, தகவல் சொல்ல வேண்டியவர்கள் என்று பதினேழு வரி. பதினேழையும் முடித்தேன். கொஞ்ச நேரம் அம்மா பக்கத்துல உக்காரு என்றார் அப்பா. அது இதில் இல்லை என்றேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது. போன ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள்?

எல்லாம் பார்த்தாச்சு என்றா சொன்னீர்கள்?

வாருங்கள். இரண்டிரண்டு பேராக நில்லுங்கள்.