கேக் தின்ற வாயும் சிவப்பு விளக்கும்

அன்பும் மதிப்பும் மிக்க வெல்மா அத்தைக்கு, தலைநகரில் சட்டசபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து தங்கள் அண்ணன் மகள் மாரிட் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அப்பா, நாய், கோழிகள் யாவரும் சுகமென எண்ணுகிறேன். என் சுகத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவும். அப்பாவிடம் இப்போதைக்குக் காட்ட வேண்டாம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நாலு வீட்டுக்கும் பொதுவான உங்கள் லைனில் அக்கம்பக்கத்து வீடெல்லாம் சேர்ந்துதான் கேட்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம்ம மசோதா தோத்துப் போச்சு அத்தை. வீட்டு அடுப்பில் சுட்ட பண்டத்தை வீட்டு வாசலிலேயே விற்கலாம் என்று இந்த வருஷம் உறுப்பினரான நம்ம மாட்டு டாக்டர் ஹால்வர் கொண்டுவந்த மசோதா இன்று காலை சபையில் கவிழ்ந்தது. அதோடு சேர்ந்து நானும் கவிழ்ந்தேன்.

முதலில் இங்கே என் பிழைப்பைச் சொன்னால்தான் நடந்தது புரியும். எங்களுக்குப் பேஜ் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்திலும் பெருமையாகப் பேசி அனுப்பினார்கள், ஆனா வேலை என்னவோ எடுபிடி வேலைதான். நீலக் கோட்டு ஒண்ணு குடுத்திருக்காங்க, அதுக்குள்ள என்னை மாதிரி இன்னொருத்தியும் நுழையலாம். சபாநாயகர் மேடைக்குக் கீழே ஒரு பெஞ்சு, அதில் வரிசையா உக்காந்திருப்போம். உறுப்பினர் தன் மேஜையில் பட்டனை அமுக்கினா எங்க முன்னாடி பலகையில் விளக்கு எரியும், எரிஞ்ச உடனே எழுந்து ஓடணும். காபி கொண்டு வா, திருத்தத்தை எடுத்துட்டுப் போ, இந்தச் சீட்டை அந்தத் தாடிக்காரர்கிட்ட குடு. அந்தத் தாடிக்காரர் ரெண்டு மேஜை தள்ளிதான் உக்காந்திருக்கார், திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆனா எழுதித்தான் அனுப்புவாங்க. நேத்து ஒரு சீட்டு மடங்காம கைக்கு வந்தது, அத்தை, நான் வேணும்னு பாக்கலை. "ஏரியில ஐஸ் தாங்குமா?"ன்னு எழுதியிருக்கு! மாநிலத்தோட வரவு செலவு ஓடிக்கிட்டிருக்கு, இவங்க உறைஞ்ச ஏரி மேல நின்னு மீன் பிடிக்கப் போற கவலையில இருக்காங்க. இதுல எங்களுக்கு மட்டும் ஆயிரம் கட்டுப்பாடு. சிரிக்கக்கூடாது, கை தட்டக்கூடாது, சூயிங்கம் கூடாது, எந்த மசோதாவைப் பத்தியும் மூஞ்சியிலகூட அபிப்பிராயம் தெரியக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, பேசிக்கிட்டிருக்கிற உறுப்பினருக்கும் சபாநாயகருக்கும் நடுவுல எவளும் குறுக்கே போகக்கூடாது. சுத்தித்தான் போகணும். என் மூஞ்சியைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? எங்க மேற்பார்வைக்கார ஓப்பல் மேடம் வந்த நாள்ல இருந்து "மாரிட், முகம்! மாரிட், முகம்!"னு சொல்லிக்கிட்டே இருக்காங்க.

நீங்க கட்டிக் குடுத்த ருபார்ப் கேக்கெல்லாம் முழுசா வந்து சேந்துச்சு. பஸ் பனியில சிக்கி நின்னப்போகூட டப்பாக்களை மடியை விட்டு இறக்கலை. முதல் நாள் வகுப்பு முழுசும் எனக்குப் போச்சு, ஆனா கேக்குல ஒரு விரிசல் இல்லை. இன்னைக்குக் காலையில ஹால்வர் டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு தட்டு, ஒரு துண்டு, ஒரு முள்கரண்டி நானே வச்சேன். "தின்னு பாத்தவன் எவனும் மாட்டேன்னு சொல்லமாட்டான் மாரிட்"னு அவர் சொன்னார். பாவம், புது மனுஷன். இதுதான் அவரோட முதல் மசோதா. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கிட்டு எழுந்து, சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து ரோட்டோரத்துல நீங்க மாட்டியிருந்த கேக் கடைப் பலகையைக் கழட்டச் சொன்னதையும், மாமா போனப்புறம் அந்தக் கேக்தான் உங்க வீட்டுக் கணப்புக்கு விறகு வாங்குச்சுன்னும் அழகாச் சொன்னார். முகம், முகம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் ஆரம்பிச்சாங்க பாருங்க. ஆளும் கட்சித் தலைவர் கிராண்டல்னு ஒரு கிழவர், புருவமே மீசை மாதிரி இருக்கும், எழுந்தார். "ருபார்ப் பழமா, காயா? பழம்னா இந்த மசோதா வேற கமிட்டிக்குப் போயிருக்கணுமே?" ஹால்வர் டாக்டர் திருதிருன்னு முழிச்சார். "அது... செடியோட தண்டுங்க, புளிப்புத் தண்டு." "தண்டா? சபாநாயகரே, தண்டுக்கு நம்ம மாநிலத்துல கமிட்டியே இல்லையே!" இன்னொரு அம்மா எழுந்து, "மாட்டுக்கு ஊசி போட்ட கையாலதான் உறுப்பினர் இந்தக் கேக்கை வெட்டினாரா?"ன்னு கேட்டாங்க. மூணாவது ஆள் ஒருத்தர், கேக் சுடறவங்க எல்லாரும் அதை முதல்ல ஒரு கறவை மாட்டுக்குக் குடுத்துப் பாத்து, பால் புளிக்கலைன்னு சான்றிதழ் வாங்கணும்னு ஒரு திருத்தம் கொண்டு வந்தார். ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்லை. டாக்டர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தி வேர்வையைத் துடைக்கிறார், "ஐயா, அந்த மாட்டை யாரு பிடிப்பாங்க?"ன்னு உண்மையாவே கேக்குறார். இத்தனைக்கும் கேள்வி கேட்ட அத்தனை பேரும் உங்க கேக்கை மென்னுக்கிட்டேதான் கேக்குறாங்க அத்தை! கிராண்டல் கிழவர் விரலால தட்டைத் தொடைச்சு நக்குறார்!

ஓட்டுக்கு விட்டாங்க. சுவத்துல பெரிய பலகை, எல்லார் பேரும் இருக்கும், சரின்னா பச்சை, இல்லைன்னா சிவப்பு. எரிஞ்சுது பாருங்க, சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பண்ணைக் களஞ்சியம் தீப்பிடிச்ச மாதிரி சுவரே செவந்து போச்சு. டாக்டர் பேர்ல மட்டும்தான் ஒத்தப் பச்சை. உங்க முழங்கால் ஞாபகம் வந்துச்சு, அந்த முழங்காலோட அடுப்படியில நின்னு நீங்க சுட்டது. வாய் திறக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும், திறக்கலை. ஆனா மேஜையைச் சுத்தம் பண்றதும் எங்க வேலைதானே? எழுந்து போய்த் தட்டை எடுக்க ஆரம்பிச்சேன். பாதி தின்ன தட்டு, தொடாத தட்டு, எல்லாத்தையும். ஒருத்தர் முள்கரண்டியில குத்தி வாய்கிட்ட கொண்டு போயிட்டார், அதையும் பிடுங்கிட்டேன். "பாப்பா, பாப்பா, நான் இன்னும் முடிக்கலை"ங்கிறார். பெரிய குப்பைப் பையில கொட்டிக்கிட்டே போனேன். கிராண்டல் தட்டை மாரோட அணைச்சுக்கிட்டார். இழுத்தேன். அவரும் இழுத்தார். அப்பதான் ஆத்திரத்துல வாய் திறந்துடுச்சு. "எங்க அத்தை சுட்டதைத் தின்னுட்டு அதே கையால சிவப்பை அமுக்குறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லை?"ன்னு, சபை முழுக்கக் கேக்கிற மாதிரி. அதுவும் எங்க நின்னுக்கிட்டு? ஹால்வர் டாக்டருக்கும் சபாநாயகருக்கும் நட்டநடுவுல.

சபாநாயகர் சுத்தியலால மேஜையில அடிச்ச அடியில என் காது அடைச்சுக்கிச்சு. ஓப்பல் மேடம் கையைப் பிடிச்சு, "கீழ போய் உக்காரு, கூப்பிடற வரைக்கும் அசையாதே"ன்னாங்க. இப்போ கீழ்த்தளத்து அறையில உக்காந்திருக்கேன். இங்கயும் ஒரு விளக்குப் பலகை இருக்கு அத்தை. எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பதினேழாம் மேஜைக்குக் காபி வேணும்போல, எரியுது, அணையுது, மறுபடி எரியுது, என் கால் தானா எந்திரிக்குது, நான் அதைப் பிடிச்சு உக்கார வைக்கிறேன். கோட்டை மடிச்சு நாற்காலியில வச்சாச்சு. பெட்டியை ராத்திரி கட்டிடுவேன். நாளைக்கு பஸ்ஸுக்கு வந்துடுவேன்.

நான் கெட்டது போகட்டும். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ஹால்வர் டாக்டராவது அடுத்த வருஷம் மறுபடி கொண்டு வந்திருப்பார். இனி அவருக்கு எவன் ஓட்டுப் போடுவான்? அதை நினைச்சா இருப்புக் கொள்ளலை. ரோட்டோரத்துல இருந்து கழட்டி வச்ச உங்க பலகையை அப்பா கோழிக்கூட்டுக்குக் கதவாப் போடக் கேட்டாரே, குடுத்துடுங்க அத்தை. வச்சுப் பாத்துக்கிட்டிருந்தா மனசுதான் கஷ்டம். அடுப்பையும் கொஞ்ச நாளைக்குப் பத்த வைக்காதீங்க, காலுக்கு ஓய்வு குடுங்க.

அப்பாவுக்கு என் வணக்கம். நாயைத் தடவிக் கொடுக்கவும். கடவுள் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல முழங்காலையும் அருள வேண்டுகிறேன்.

தங்கள் அன்புக்குத் தகுதியற்ற
மாரிட்

பி.கு: அத்தை, பலகையைக் குடுக்காதீங்க! குடுத்துட்டீங்கன்னா கோழிக்கூட்டுக் கதவைக் கழட்டுங்க! ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதறேன். ஓப்பல் மேடம் இப்பத்தான் வந்தாங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டு. புது உறுப்பினரோட முதல் மசோதாவை இப்படித்தான் வறுத்தெடுப்பாங்களாம். கிறுக்குக் கேள்வி கேட்டு, எல்லாரும் முதல்ல சிவப்பை அமுக்கி, ஆள் மயங்கி விழப்போற நேரத்துல மொத்தமா பச்சைக்கு மாத்துவாங்களாம். காலம் காலமா நடக்கிறதாம். முதல் நாள் வகுப்புல சொன்னாங்களாம், நான்தான் பஸ்ஸுல டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே. நான் குப்பைப் பையோட வெளிய போனதும் சுவரே பச்சையாச்சாம். கடைசியில ஒரே ஒரு சிவப்பு மட்டும் மிஞ்சி நின்னுச்சாம், யாருன்னு பாத்தா நம்ம ஹால்வர் டாக்டர். நான் கத்தின பதட்டத்துல தப்புப் பட்டனை அமுக்கிட்டு மனுஷன் தலையில கையை வச்சுக்கிட்டு நின்னாராம்.

கோட்டைத் திரும்பப் போட்டாச்சு. முதல் மசோதா ஜெயிச்சவர் சபைக்கே விருந்து வைக்கணுமாம், கேக்கெல்லாம் குப்பையில கிடக்கு, அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாருக்கும் நீங்க மறுபடி சுடணும். விக்கக்கூடாது, சட்டம் இன்னும் வரலை, மேல்சபை பாக்கி இருக்கு, அதனால சும்மாதான் குடுக்கணும். டாக்டர் மாடு ஏத்துற லாரியைக் கழுவி, கேக்கை ஏத்திட்டு வர எடுத்துட்டு வர்றாராம்.

முதல் வேலையா கிராண்டல்கிட்ட மன்னிப்புக் கேக்க அனுப்பினாங்க. நான் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். "அதை விடு பொண்ணு. உங்க அத்தை ஞாயித்துக்கிழமை கடை திறப்பாங்களா?"ன்னார். "சட்டம் வர்ற வரைக்கும் எங்க அத்தை ஒரு துண்டுகூட விக்கமாட்டாங்க"ன்னேன். அவர் எழுந்தார், கோட்டுல ஒட்டியிருந்த கேக் தூளைத் தட்டினார், மேல்சபைப் பக்கம் வேகமா நடந்து போனார். அடுப்பைப் பத்த வைங்க அத்தை.