படகு வரும்வரை பாலம் இறங்காது

என் மச்சான் சொன்ன இந்தப் பாலத்தின் வரலாற்றைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. அவர் பொய் சொல்பவர் அல்ல. ஆனால் இது நிஜமென்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. நம்பாமல் இருப்பதே வசதியாக இருந்தது.

படகுக்கு வழிவிட நடுவில் இரண்டாகப் பிரிந்து மேலே எழும்பும் பழைய ரயில் பாலம் அது. தூக்கி இறக்குவது மச்சானின் உத்தியோகம். ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது ஓலை வந்தது: ‘ஓராண்டாகத் திறக்கப்படாத பாலம் அசையாப் பாலமாகக் கருதப்படும். அதைத் திறக்கும் ஊழியர் தேவையற்றவராகக் கருதப்படுவார்.’ மாதக் கடைசிவரை கெடு.

மச்சான் அதிகாரியிடம் ஓடினார்.

“இப்பவே போய்த் திறந்துடறேன் சார்.”

“சும்மா எப்படித் திறப்பீங்க? படகு வந்தாத்தான் திறக்கணும்.”

“ஆத்துல முழங்கால் அளவுதான் சார் தண்ணி. படகு எப்படி வரும்?”

“தண்ணி வேற இலாகா. நாம படகைப் பத்தி மட்டும் பேசுவோம்.”

அதிகாரி நல்ல மனிதர். ஒரு படகைத் தருவிக்க உத்தரவிட்டார். குட்டைப் படகு பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போய்விடும் என்பதால், மூன்று மாடி உயரப் பாய்மரமும் சேர்த்தார். ஆற்றில் வர வழியில்லை. ஆகவே பாய்மரத்தைப் படுக்கவைத்து, பயணிகள் ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் கோத்த திறந்த வேகனில் படகை ஏற்றினார்கள்.

படகு கிளம்பிய தகவல் வந்ததும் பாலத்தைத் தூக்கிவிட வேண்டும் என்பது விதி. மச்சான் தூக்கினார். ரயில் இக்கரையில் நின்றது. படகை இறக்க வேண்டிய ஸ்டேஷனோ அக்கரையில்.

மச்சான் போன் செய்தார். “சார், படகு ரயில்ல இருக்கு. ரயில் பாலத்துக்காக நிக்குது.”

“பாலம்?”

“படகுக்காக நிக்குது.”

“எல்லாம் ஒழுங்காத்தானேய்யா நடக்குது! எதுக்குப் பதறறீங்க?”

நாலு மணி நேரம் கழித்து, ‘படகு கடந்ததாகக் கருதப்படுகிறது’ என்று உத்தரவு வந்தது. பாலம் இறங்கியது. ரயில் கடந்தது. படகும் கடந்தது, பாலத்துக்கு மேலே. மச்சானின் வேலை தப்பியது. இப்போது அதற்குப் பாரம்பரியப் படகு விழா என்று பெயர். வருஷா வருஷம் அதே படகு, அதே ரயில். ஆறு மாதம் முன்பே டிக்கெட் தீர்ந்துவிடுகிறது.

போன வாரம்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்:

“மச்சான், முதல் தடவை அந்த ரயில்ல நானும் இருந்தேன். படகு வரப்போகுதுன்னு டிக்கெட் பரிசோதகர் சொன்னதும், முந்நூறு பேரும் நாலு மணி நேரம் ஜன்னல் வழியா ஆத்தையே பாத்துட்டிருந்தோம். நீங்க மேலேருந்து பாத்துட்டுதானே இருந்தீங்க, எங்கள்ல ஒருத்தராவது பின்னால திரும்பிப் பாத்தாங்களா?”