முதன்முதலாக, மறுபடியும்

நம் பக்கத்தில் பெண்கள் கால்பந்து 1999-இல் முதன்முதலாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 2000-இலும் முதன்முதலாகத்தான். 2001-இல் பந்தல் இன்னும் பெரிது என்பதால், அதைவிட முதன்முதலாக என்றார்கள்.

மாமல்லபுரத்துச் செங்கம்மாள் எண்பதுகளிலேயே நாட்டுக்காக வெளிநாடு போய்ப் பந்தாடி, முன்பல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தவள். இப்போது சவுக்குத்தோப்பு ஓரம் பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குகிறாள். கோல் என்பது இரண்டு சவுக்குக் கழியும் ஒரு கிழிந்த மீன்வலையும். கடற்காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் கோலே விழுந்துவிடும். இரும்புக் கம்பம் கேட்டு, செங்கல்பட்டில் மகளிர் ஆட்ட ஊக்குவிப்பு அதிகாரி ரவிச்சந்திரனைப் பார்க்கப் போனாள்.

"கம்பம் இருக்கும்மா. தொடக்க விழாவுக்குத்தான் தரலாம். ஏற்கெனவே நடக்கிற ஆட்டத்துக்குத் தர விதி இல்லை."

"போன வருசம் தொடங்குன ஆட்டம் இன்னா சார் ஆச்சு?"

"தொடங்கியாச்சே. அதோட நம்ம கடமை முடிஞ்சுது."

"அப்போ எங்கூர்ல தொடங்குங்க."

"தாராளமா. ஆனா நீங்க ஆடியிருக்கீங்களே, அதான் இடிக்குது."

"இந்தியாவுக்கே ஆடிக்கிறேன் சார். பல்லு கூட பூட்ச்சு."

"பல்லு எல்லாருக்கும்தான் விழுது. ஆடலைன்னு சொல்லிடுங்க, கம்பம் வந்துடும்."

செங்கம்மாள் பிள்ளைகளை நினைத்துச் சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

விழா நாளில் புதுக் கம்பம் வந்தது. வலை மட்டும் அடுத்த தொடக்க விழாவில்தான் என்றார்கள். பழைய மீன்வலையையே கட்டினார்கள். பந்தையே கண்டிராத கிராமத்துப் பெண்மணி இதோ முதல் பந்தை உதைக்கப்போகிறார் என்று அதிகாரி மைக்கில் அறிவித்தார். பிறகு குனிந்து, "மெதுவா, தொட்டா போதும்" என்றார்.

காலுக்கு விதி தெரியுமா? பந்து 'முதன்முதலாக' என்ற பேனரைக் கிழித்துக்கொண்டு போய் மீன்வலையில் சிக்கியது.

"பாருங்கள், தொடங்கிவைத்த அரை நிமிடத்தில் எத்தனை முன்னேற்றம்!" என்றார் அதிகாரி.

ஊரே கைதட்டியது. அந்தக் காலத்தில் அவளை பஸ்ஸிலிருந்து இறக்கி மாலை போட்ட கைகளும் அதில் இருந்தன.

மீன்வலை மக்கி விழுந்துவிட, மறுவருடம் வலைக்காக மறுபடி விழா. இந்த முறை பந்தை உதைக்கச் செங்கம்மாளிடம் பழகிய சிநேகாவை அழைத்தார்கள். அதற்குள் அவள் மாநில அணிக்கே ஆடிவிட்டு வந்திருந்தாள்.

"பந்து பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

சிநேகா செங்கம்மாளைப் பார்த்தாள். செங்கம்மாள் வலையில்லாத கம்பத்தைப் பார்த்தாள்.

சிநேகா பந்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது? உருண்டையா கீது."

முதலில் கைதட்டியது செங்கம்மாள்தான்.