இறைச்சி எனச் சான்று பெற்ற விரால்

ஒரு காட்டில் எல்லாரும் கத்தோலிக்கர்கள். எப்படி என்று கேட்காதீர்கள். அப்படித்தான். சிறுத்தை, நரி, முயல், ஆமை எல்லாம் ஞானஸ்நானம் வாங்கியவை. நடுவில் ஒரு குளம். கோயிலைப் பார்த்துக்கொள்கிற பங்குச்சாமி ஒரு கொக்கு. பெயர் இன்னாசி.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். அன்றிலிருந்து நாற்பது நாள் தவக்காலம். உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், வரை கறி கிடையாது. மீன் உண்டு. மீன் மட்டும் ஏன் கறியில்லை என்று யாரும் கேட்டதில்லை. மீன்கள் கேட்டிருக்கும். அவற்றிடம் யார் பேசினார்கள்?

ஆக, நாற்பது நாளும் முயல்கள் சிறுத்தையின் குகை வாசலில் புல் மேயும். மான் குட்டிகள் நரியின் வாலை இழுத்து விளையாடும். குளத்தில்தான் கூட்டம். மற்ற நாளில் மீனை ஏறெடுத்தும் பார்க்காதவன் எல்லாம் முழங்கால் தண்ணீரில் நிற்பான்.

ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வெள்ளிக்கிழமை சந்தியாகு கெடுத்தான். சந்தியாகு என்பது சிறுத்தை. கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முயலை அடித்துவிட்டான்.

"மீன்தான்" என்றான்.

"காது இருந்துச்சேடா" என்றது நரி.

"வாய் தண்ணிக்குள்ள இருந்துச்சு. தண்ணிக்குள்ள இருந்தா மீன்."

முயலைக் கேட்க முடியவில்லை. விவகாரம் சாமிக்கும் மேலே, ஆயரிடம் போனது. ஆயர் யானை. அவருக்கு இலை தழைதான், இதில் அக்கறை இல்லை. ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். "அவரவர் இறைச்சியா, மீனா என்பதற்குப் பங்கு அலுவலகத்தில் சான்றிதழ் பெற்றுக்கொள்ளவும்." அவ்வளவுதான்.

மறுநாள் வரிசை கிளம்பிவிட்டது. மான், முயல், காட்டுப்பன்றி, கவுதாரி எல்லாம் நின்றன. இறைச்சி என்று எழுதிக்கொடுங்கள் என்று கெஞ்சின. உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு வரிசையை நீங்கள் பார்க்க முடியாது.

அலுவலகத்தில், கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் தொம்மை உட்கார்ந்திருந்தார். ஆமை. முதல் சான்றிதழைத் தனக்கு எழுதிக்கொண்டுதான் கதவைத் திறந்தார்.

வரிசையின் கடைசியில் ஒரு விரால் மீன். பெயர் மிக்கேலம்மாள். விரால் கரையேறி வயிற்றால் நகரும். கொஞ்ச நேரம் காற்றிலும் மூச்சு வாங்கும். அந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அவள் கூட்டத்தில் பதினெட்டுப் பேர் போய்விட்டார்கள். தண்ணீர் வேறு வற்றிக்கொண்டு வந்தது. உயிர்ப்பு ஞாயிறு வரை தாக்குப்பிடித்தால் போதும். அதற்கப்புறம் சாமியைத் தவிர மீனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வரிசையில் மூன்று நாள் நின்றாள். உடம்பு காய்ந்தால் குளத்துக்கு ஓடி நனைந்துவிட்டு வருவாள். வந்தால் இடம் போயிருக்கும். மறுபடி கடைசியில் நிற்பாள்.

"என்ன அத்தாச்சி, நீங்களும் கறியா?" என்று ஒரு காட்டுப்பன்றி சிரித்தது.

"உனக்கென்னடா. உன்னைப் பார்த்தாலே தெரியுது. எனக்குல்ல எழுதி வாங்கணும்."

நாலாம் நாள் அவள் முறை வந்தது. தொம்மை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"போட்டோ?"

கொடுத்தாள்.

"காது தெரியலையே. ரெண்டு காதும் தெரியணும்னு போட்டிருக்கு பாரு."

"காது இல்லைங்களே."

"காது இல்லாம என்ன இறைச்சி?"

"உங்களுக்கும் வெளியே ஒண்ணும் காணோம், உபதேசியாரே."

தொம்மை சுற்றுமுற்றும் பார்த்தார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். "நான் எழுதுறேன். கையெழுத்து சாமி போடணும்" என்றார்.

இப்போது சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்னாசி சாமிக்கு அந்த வாரம் மனசு சரியில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் சந்தியாகு எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"சாமி, நாங்க கறியை விட்டுட்டு நிக்கிறோம். நீங்க என்னத்தை விட்டீங்க?"

"நான் கறியே சாப்பிடுறதில்லையேப்பா."

"அதைத்தான் கேக்குறேன். வருஷம் பூரா மீன். தவக்காலத்துலயும் மீன். ஒறுத்தல்னா ஆசைப்பட்டதை விடணும். இது என்ன ஒறுத்தல்?"

கூட்டம் சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. அவன் சொன்னது சரி. மீனை விட்டால் செத்துப்போவார். கறியை விடலாம் என்றால் அது அவர் வாழ்க்கையிலேயே கிடைத்ததில்லை. மான் அடிக்கிற மூக்கா அது?

அந்த நேரத்தில்தான் மிக்கேலம்மாள் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"உன் அப்பனை நான் சாப்பிட்டிருக்கேன் தாயி. மீன்தான்."

"அது அப்பா, சாமி. நான் கரையில நடக்குறேன். காத்துல மூச்சு வாங்குறேன். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் என்னைக் காப்பாத்துங்க."

சாமி அவளையே பார்த்தார். தலை முதல் வால் வரை பார்த்தார். நல்ல விரால். ஒன்றரைக் கிலோ இருப்பாள்.

"நீ இறைச்சின்னா, நான் உன்னைச் சாப்பிடாம இருக்குறது ஒறுத்தல்தானே?"

"அதைவிட என்ன சாமி ஒறுத்தல்!"

கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். மிக்கேலம்மாள் அழுதுவிட்டாள். காகிதத்தை லேமினேட் செய்து கழுத்தில் கட்டிக்கொண்டாள். விராலுக்குக் கழுத்து எது என்று கேட்காதீர்கள்.

சான்றிதழ் வேலை செய்தது. அதில் குறை சொல்ல முடியாது. குருத்தோலை ஞாயிறன்று சந்தியாகு அவளைப் பிடித்துவிட்டான். வாயில் போடப்போகும்போது காகிதம் தட்டுப்பட்டது. எழுத்துக்கூட்டி வாசித்தான். பயந்து கீழே வைத்தான். சிலுவை போட்டுக்கொண்டான்.

"மன்னிச்சுக்க அக்கா. மீன்னு நினைச்சுட்டேன்."

"பரவாயில்லை தம்பி. இனிமே பார்த்துப் பிடி."

சாமி ஒவ்வொரு நாள் காலையிலும் குளத்துக்கு வருவார். மிக்கேலம்மாள் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பார். அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவளைத் தொடாமல் பக்கத்திலிருக்கிற கெண்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். காடே மெச்சியது. இந்த வயதில் என்ன ஒறுத்தல் என்றார்கள். சந்தியாகுகூட வாயை மூடிக்கொண்டான்.

நரி ஒருதரம் அவளை நோட்டம் விட்டது. சாமி அதன் மண்டையில் ஒரு கொத்து கொத்தினார். "கறிடா அது" என்றார். மிக்கேலம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒரு சாமி எந்தப் பங்குக்குக் கிடைக்கும்?

பெரிய வெள்ளிக்குள் குளம் வற்றி ஒரு குட்டையாகிவிட்டது. மிக்கேலம்மாள் சாமியின் கால் விரலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். தப்பிக்க இடமில்லை. தேவையும் இல்லை. சாமி அன்று ஒருசந்தி நோன்பு. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அலகிலிருந்து எச்சில் ஒழுகியது. அசையவில்லை. அதை நான் மறுக்கமாட்டேன். நேர்மையான ஆள்.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தது. பூசை முடிந்தது. முயல்களும் மான்களும் கடைசி ஆமென் சொல்லும்போதே ஓட ஆரம்பித்திருந்தன. வருஷா வருஷம் அதுகளுக்குப் பழக்கம். சந்தியாகு துரத்திக்கொண்டு போனான். தொம்மை ஓட்டுக்குள் போய்விட்டார்.

சாமி குட்டைக்கு வந்தார்.

"உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள், சாமி" என்றாள் மிக்கேலம்மாள். "காப்பாத்திட்டீங்க."

"வாழ்த்துகள் தாயி. நாற்பது நாள் கறி தொடலை நான்."

"ஊரே சொல்லுது, சாமி."

"இன்னிக்குத் தொடலாம்."

மிக்கேலம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"சாமி, நான் மீன்! செதில் பாருங்க! துடுப்பு பாருங்க!"

"என் கையெழுத்து தாயி. சாமியார் பொய்க் கையெழுத்துப் போடலாமா?"

"நீங்கதான் கறியே சாப்பிடமாட்டீங்களே!"

"கிடைச்சதில்லை."

"திருத்தத்துக்கு விண்ணப்பம் போடுறேன் சாமி. இப்பவே போடுறேன்."

"தாராளமாப் போடு. ஆபீஸ் செவ்வாய்க்கிழமை திறக்கும்."

அவளைச் சுற்றிக் கெண்டைகள் பயமில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. அன்று மீனை யாரும் சீண்டவில்லை. சாமியும் சீண்டவில்லை. கண்ணை மூடினார். உணவுக்கு முன் செபம் சொன்னார். முழுசாகச் சொன்னார். அவசரப்படவில்லை. பிறகு சாப்பிட்டார்.

மத்தியானம் சந்தியாகு வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தான்.

"என்ன சாமி, வாழ்க்கையில முதல் தடவையா கறி சாப்பிட்டீங்களாமே. எப்படி இருந்துச்சு?"

சாமி யோசித்தார்.

"மீன் மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

நீதி: மீனாகவே செத்தால் வரிசையில் நிற்கிற நாலு நாளாவது மிச்சம்.