நீ பிடுங்கிக்கொண்டு போன பலகை

ஒமாரு,
நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி கிளைவுக்கு,

வீட்டுக்குப் பின்னால் நான் கட்டிக்கொண்டிருக்கும் மரத்தளத்தின் அடிப்பக்கத்தை மூடியிருந்த பலகையை என்னைக் கேட்காமல் நீ பிடுங்கினாய். பிடுங்கியதோடு நிற்காமல், அலமாரிக்கு ஆகும் என்று காரில் போட்டுக்கொண்டு உன் ஊர் நெல்சனுக்கே போய்விட்டாய். கடற்கரையிலிருந்து ஏறிவந்த இரண்டு பென்குயின்கள் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்க் குடும்பம் நடத்துகின்றன. என் மனைவி ஏவிஸுக்குத் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே கால் வைக்க வழியில்லாமல் போனது. முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. நீயும் ஜாய்ஸும் நலம் என்றே நம்புகிறேன். நான் முழங்கால் தவிர மற்ற இடங்களில் நலம்.

நான் எந்தப் பள்ளியிலும் தச்சு படித்தவன் இல்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன், அதில் பாதி தப்பு என்று கண்டுபிடித்தேன், மீதியை வைத்துக் கட்டினேன். மருந்தடித்த புதுமரம் ஒரு துண்டுகூட வாங்கவில்லை. இடித்துப் போட்ட கம்பளி கத்தரிக்கும் கொட்டகையின் தரைப்பலகைகளைக் கொண்டுவந்தேன். எண்பது வருடம் ஆட்டு மயிரின் எண்ணெய் ஊறி, மழைத்துளி விழுந்தால் முத்து மாதிரி உருண்டு ஓடும் பலகைகள். வெயிலடித்தால் கொஞ்சம் ஆட்டு வாசனை வரும், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு கார்டனின் நாய் மூன்று நாள் வேலியோரமாக நின்று ஆடுகளைத் தேடியது. தோட்டத்துப் பக்கம் படி வைத்தால் அந்த நாய் ஏறிவிடும் என்றுதான் படியே வேண்டாம், வீட்டுப் பின்கதவு ஒன்றே வழி என்று முடிவு செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அண்ணே, அந்தக் கொட்டகையில ஆடு ஏத்துற சாய்வுப்பலகை ஒண்ணு கிடக்குதே, அதத் தோட்டத்துப் பக்கம் சாத்தி வையுங்களேன், ரெண்டாவது வழியா இருக்கும்" என்றாய். மனுஷன் ஏறும் இடத்தில் ஆட்டுப்பாதையா என்று கேட்டு, அதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போட்டேன். அதற்குக் கோபித்துக்கொண்டுதான் ஊருக்குக் கிளம்பும் நாளன்று, "மரத்தளம்னா மூச்சு விடணும்ணே, இப்படி மூடி வெச்சா மரம் புழுங்கிடும்" என்று உபதேசம் செய்துவிட்டுப் பலகையைப் பிடுங்கினாய்.

மூச்சு விட்டது, தம்பி. நன்றாகவே விட்டது. நீ போய் ஒரு வாரத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம். கழுதைக்கு ஆஸ்துமா வந்த மாதிரி. தண்ணீர்ப் பம்பு கெட்டுவிட்டது என்று நினைத்து முழுசாகக் கழற்றிப் பார்த்தேன். பம்பில் ஒரு குற்றமும் இல்லை, நான் கழற்றும் வரை. அப்புறம் நாற்றம் வந்தது. ஆட்டு நாற்றம் எனக்குப் பழகியது, இது மீன். கடைசியில் மேல்தெரு ஹானாவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூட ஆசிரியை, ஓய்வு நேரத்தில் கடற்கரையில் பென்குயின் எண்ணுகிறவள். வந்தவள் வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"மெர்வ் மாமா, வாழ்த்துக்கள்! ரெண்டு குஞ்சு."

"வாழ்த்து கெடக்கட்டும். எப்பக் காலி பண்ணுவாங்க?"

"எட்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் சுத்தியல், ரம்பம் எதுவும் கூடாது. பயந்து தாய் தகப்பன் ஓடிட்டா குஞ்சு செத்துரும். சட்டமும் இருக்கு மாமா."

"இது என் வீடும்மா!"

"அதுங்களும் அதத்தான் சொல்லுதுங்க."

கூடு எங்கே என்று நினைக்கிறாய்? பின்கதவுக்கு நேர் எதிரே, பலகைகள் முடியும் விளிம்புக்கு அடியில். அதை ஒட்டித்தான் கதவுப் பக்கத்துக் கடைசி ஆறு பலகைகள் அடிக்கப் பாக்கி. பழைய படிகளை நான் முன்பே இடித்துவிட்டேன். இப்போது கதவைத் திறந்தால் மூன்றடிப் பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் எட்ட முடியாத அழகான மரத்தளம். ஏவிஸ் வெள்ளிக்கிழமை வருகிறாள். புது இடுப்பு எலும்பு வைத்துக்கொண்டு ஐந்து வாரமாக மருத்துவமனைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வந்த அன்றே மரத்தளத்தில் உன் நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பாய்" என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்தேன். தெருக்காரர்களும் ஞாயிறன்று அவளை வரவேற்க ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டோடு விருந்துக்கு வருகிறார்கள். தொலைபேசியில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். ஐந்து நிமிடம் சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "பரவால்ல மெர்வ். ஜன்னல் வழியாப் பாத்துக்கறேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது: அந்தப் பலகையை அலமாரியிலிருந்து கழற்றி, நல்லபடியாகச் சுற்றி அனுப்ப வேண்டும். நீ வர வேண்டியதில்லை. பறவைகள் கிளம்பிய மறுநாளே நான் அதை மறுபடி அடித்து, ஓட்டையை என் ஆயுளுக்கும் மூடுவேன். ஜாய்ஸுக்கு என் அன்பைச் சொல். அவளுக்குப் போக மிச்சமிருந்தால் நீயும் கொஞ்சம் எடுத்துக்கொள்.

உன் அண்ணன்,
மெர்வின்

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: தபால்தலை தேடிக்கொண்டிருந்ததில் கடிதம் போகவில்லை. இதற்குள் ஏவிஸ் வந்துவிட்டாள். வாசல் வழியாக உள்ளே வராமல், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்குப் போனாள். கோழிக்கூண்டுப் பக்கம் பார்த்து, "அது என்ன மெர்வ்?" என்றாள். ஆடு ஏற்றும் பலகை, கிளைவின் பைத்தியக்கார யோசனை என்றேன். "எத்தன ஆடு ஏறியிருக்கும்?" ஒரு லட்சம் இருக்கும் என்றேன். "அப்ப நானும் ஏறுவேன். எடுத்துட்டு வா."

நானும் கார்டனும் தூக்கிவந்து, கூட்டுக்கு எட்டாத கடைசி மூலையில் சாத்தினோம். ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. கால் வழுக்காமலிருக்க வைத்த குறுக்குக் கட்டைகளில் அவள் ஒவ்வொன்றாக மிதித்து ஏறினாள். நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு போனேன். பாதியில் திரும்பி, "மே மேன்னு கத்தட்டுமா?" என்றாள். இப்போது தன் நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அடியிலிருந்து வரும் சத்தத்தில் அதிகமாகக் கத்தும் பென்குயினுக்குக் கிளைவ் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

எனவே மேலே எழுதியதை விட்டுவிடு. செய்ய வேண்டியவை இனி இவை. கார்டன் தன் நாயைப் புத்தாண்டு வரை கட்டிப்போட வேண்டும். ஹானா குஞ்சுகளை எண்ணிச் சொல்ல வேண்டும், அடுத்த முறை வெள்ளைச் சட்டை போடாமல். விருந்துக்கு வருகிறவர்கள் மீன் கொண்டுவரக் கூடாது, கீழே குடியிருப்பவர்கள் உரிமை கேட்பார்கள். பாக்கி ஆறு பலகைகளை ஜனவரியில் நான் அடிக்க வேண்டும், ஏவிஸ் என்னை வேலை வாங்க வேண்டும். ஓட்டையை யாரும் மூடக் கூடாது. நீ பலகையை அலமாரியிலேயே வைத்துக்கொள். நீ மட்டும் வா.