பின் சீட்டுக்குப் பாட்டு கேட்கவில்லை

குப்பண்ணன் பின் சீட்டில் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து, முன் சீட்டின் முதுகில் தாடையை முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தார். நல்லமுத்துவின் டாக்ஸியில் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் வர வேண்டும். வண்டியோடு கம்பெனியிலிருந்தே வந்த ரேடியோ. ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். ஓட்டுகிறவனுக்கு நன்றாகக் கேட்கும். பின்னால் இருப்பவர்களுக்கு எஞ்சின் சத்தம்தான் பாட்டு.

வேலந்தாவளம் முக்கில் இறங்கியதும் குப்பண்ணன் கழுத்தை நீவிக்கொண்டார்.

"நல்லமுத்து, பன்னண்டு நாள்ல எம்புள்ளைக்குக் கல்யாணம். மூணு நாளைக்கு உன்ற வண்டியத்தான் சொல்லலாம்னு இருந்தேன். பொள்ளாச்சி மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசுராமா. இதுல வந்தா அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கும். கருப்புசாமி வண்டில டேப்பு இருக்குதாமே."

"ஒரு வாரம் பொறுங்ணா. மாப்பிள்ளை சாஞ்சு உக்காந்தே கேக்கற மாதிரி பண்ணிப் போடறனுங்."

சொல்லிவிட்டான். எழுபத்தெட்டாம் வருஷம் அந்தத் தமிழ்நாட்டு எல்லைப்புறத்தில் டேப் வைத்த டாக்ஸி கருப்புசாமியுடையது ஒன்றுதான். அப்படியொரு டேப் வாங்க நல்லமுத்து வண்டியில் பாதியை விற்க வேண்டும். ஆனால் எருத்தேன்பதியில் குப்பண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த வண்டி ஓடுகிறதோ, அந்த வருஷம் முழுக்க எல்லா வீட்டுக்கும் அதுதான் ஓடும். மனைவி சாந்தம்மாள் வேறு கெடு வைத்திருந்தாள். இந்த முகூர்த்த மாசத்துக்குள் வண்டியால் பிழைக்க வழி பிறக்கவில்லையென்றால், அதை விற்றுவிட்டு அவள் அண்ணன் சந்தனத்தின் டிராக்டரை ஓட்டப் போக வேண்டியது. சந்தனம் தங்கமான மனுஷர். ஆனால் உழவு முடிந்ததும் வயலை ஒரு சுற்று நடந்து பார்த்து, "மாப்ள, அந்த மூலைல இன்னொருக்கா" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் நல்லமுத்து கார் வாங்கியதே.

நேராக சைனுதீனின் மைக் செட் கடைக்குப் போனான். மாட்டுச் சந்தைக்கு எதிரில் சின்னக் கடை. உள்ளே குழாய் ஸ்பீக்கரும் வயர் சுருளுமாக நிற்க இடமிருக்காது. வருகிறவர்கள் உட்கார, ஸ்பிரிங் நைந்த நீளமான ரெக்சின் மெத்தை ஒன்றைச் செங்கல் முட்டுக் கொடுத்து வாசலில் போட்டிருந்தார். நல்லமுத்து அதில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். சைனுதீன் தலையை ஆட்டவில்லை.

"வேண்டாங்க அண்ணா. பாட்டு கொஞ்சமாக் கேட்டாப் போதும். அப்பிடியே உட்டுருங்க."

வியாபாரி ஒருவர் விற்க மாட்டேன் என்றால் பொருள் நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று நல்லமுத்து நினைத்தான். கையில் காசில்லாததால் வண்டியின் கேரியரைக் கழற்றிக் கொடுத்து, பழைய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, பின் சீட்டுக்கு மேலே கண்ணாடியோரம் வைத்தான்.

பின்னால் பாட்டு கேட்கவில்லை. முன்னால் கேட்டுக்கொண்டிருந்ததும் நின்று போயிற்று. ஒரு ஸ்பீக்கருக்கே தத்தளித்த ரேடியோ, இரண்டுக்கும் பங்கு வைத்ததில் இரண்டும் முனகின.

ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார் சைனுதீன். கூடவே, வேண்டாம், இத்தோடு விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். நல்லமுத்து ஸ்டெப்னி டயரைக் கழற்றி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனான். இந்தத் தடவை சத்தம் வந்தது. பக்கத்திலிருக்கும் சித்தூர் போகும் வழியில் மாட்டுத் தரகர்கள் மூன்று பேர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து தாளம் போட்டார்கள். டீ குடிக்க இறங்கினபோதும் பாட்டை நிறுத்த வேண்டாம் என்றார்கள். திரும்பி வந்து சாவியைத் திருகினால் வண்டி அசையவில்லை. பேட்டரியைப் பாட்டு குடித்துவிட்டது. தாளம் போட்ட மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரை மைல் தள்ளினார்கள்.

ஆக இரண்டாவது பேட்டரி. டிக்கியில் வைக்க முடியாது, கல்யாணச் சீர்ச் சாமான் அதில்தான் வர வேண்டும். சீட்டுக்கு அடியிலும் நுழையவில்லை. யோசித்துப் பார்த்து, பின் சீட்டையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் வைத்து, மேலே பலகை போட்டு, பலகை மேல் வீட்டு மெத்தையை விரிக்கலாம் என்று நல்லமுத்து முடிவு செய்தான். கழற்றின சீட்டு பேட்டரிக்கு ஈடாகக் கடையிலேயே தங்கியது. சைனுதீன் அதை வாசலில், பழைய மெத்தைக்குப் பக்கத்தில் போட்டு, அதற்கும் செங்கல் வைத்தார். வைக்கும்போது பெருமூச்சு விட்டார்.

மெத்தை போன விஷயம் சாந்தம்மாளுக்கு ராத்திரி படுக்கப் போகும்போதுதான் தெரிந்தது. அவள் சத்தம் போடவில்லை. தன் அண்ணன் டிராக்டருக்குப் புது டயர் வாங்கியிருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

பலகைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், தலைக்குப் பின்னால் ஸ்பீக்கர். நடுவில் மாட்டிக்கொண்ட ஆளுக்குப் பாட்டு காதில் விழவில்லை, பல்லில் விழுந்தது. எருத்தேன்பதி வரை வர வேண்டிய இரண்டு பேர் பாதி வழியில் இறங்கி, காற்றாட நடந்தே போகிறோம் என்றார்கள். கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. நல்லமுத்துவுக்கு அழுகை வந்தது, ஆனால் மூளையும் வேலை செய்தது. சத்தம் உள்ளே இருப்பதுதானே தொந்தரவு? வெளியே அனுப்பிவிட்டால்?

"கொழாய் ஒண்ணு குடுங்க பாய். டாப்புல கட்டிப்போடறேன். இதுக்கு என்ன வேணும்?"

சைனுதீன் ஒரு குழாயை இறக்கித் தூசி தட்டினார். "இதுக்கு ஒண்ணும் வேண்டாங்க. எடுத்துக்குங்க."

சந்தை நாளன்று முக்கில் வண்டியை நிறுத்திப் பாட்டைப் போட்டுப் பார்த்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்த தரகர்கள் கையை உருவிக் காதைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு எருமைகள் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிவிட்டன. ஆனால் கணீரென்று ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது. சந்தையே வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பண்ணனும் வந்தார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நல்லமுத்து அதுவரை பார்த்ததில்லை.

குப்பண்ணன் பின் கதவைத் திறந்தார். பலகை மேல் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் மார்பை முட்டியது, தலை கூரையை முட்டியது. மெதுவாக இறங்கி, தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார்.

"பாட்டு அருமையா இருக்குது நல்லமுத்து. மாப்பிள்ளை எங்க உக்காருவாரு?"

மாப்பிள்ளை கருப்புசாமியின் வண்டியில் உட்கார்ந்தார். இத்தனை பாடுபட்டவனை அப்படியே விடக் குப்பண்ணனுக்கு மனசில்லாததால், மூன்று நாளும் ஊர்வலத்துக்கு முன்னால் நல்லமுத்துவின் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு, ஆளே ஏறாமல் போயிற்று. கோயமுத்தூர் ரேடியோ ஸ்டேஷன் பருத்தி விலை சொன்ன நேரத்தில் மட்டும் மாப்பிள்ளைக்கு மனசு கொஞ்சம் சுணங்கியது. மற்றபடி எல்லோரும் மெச்சினார்கள். கல்யாணப் பந்தலிலேயே கோயில் தர்மகர்த்தா ஒருவர் நோன்புத் திருவிழாவுக்கு வண்டியைக் கேட்டார். விதைக்கடைக்காரர் ஒருவர் விளம்பரத்துக்குக் கேட்டார். பக்கத்து ஊரில் இரண்டு கல்யாணம், இரண்டிலும் முன்னால் பாட்டுப் போட்டுக்கொண்டு போக. உட்கார்ந்து போக ஒருத்தரும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை நல்லமுத்து குழாய், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பேட்டரி எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு கடைக்கு வந்தான். சைனுதீன் எங்கோ பந்தலுக்கு மைக் கட்டப் போயிருந்தார். அவர் மனைவி ஐசும்மா கடையில் இருந்தாள். வாசலில் தன் சீட்டில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததால், நல்லமுத்து பழைய ரெக்சின் மெத்தையில் உட்கார்ந்தான். ஐசும்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாந்துட்டேன். எனக்கு என்ற கேரியரு, ஸ்டெப்னி, பின் சீட்டு, இது மூணும் போதும். நான் டாக்ஸிக்காரனுங்க. மைக் செட்டுக்காரன் இல்லீங்க."

ஐசும்மா குழாயைப் பார்த்தாள். பிறகு அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரரும் டாக்ஸிதானுங்க ஓட்டிட்டிருந்தாரு; நீங்க இப்ப உக்காந்திருக்கறது அந்த வண்டியோட பின் சீட்டு."