வாளி எந்த இனம்?

நவீன ஓவியத்தை வாழவைப்பவர்கள் ஓவியர்கள் என்று உலகில் ஒரு வதந்தி உண்டு. அது தவறு. வாழவைப்பவர்கள் அதிகாரிகள். ஓவியர் படத்தை வரைவதோடு சரி. அதற்கு என்ன அர்த்தம், அது யாருடையது, எந்தச் சுவரில் தொங்கலாம் என்ற பாரத்தையெல்லாம் பண்பாட்டுத் துறையல்லவா சுமக்கிறது!

இந்த உண்மை நம் ஓவியருக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. பதினோரு வருடமாக வரைகிறார். அதுவரை அவர் படங்களைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மனைவி. இன்னொருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். "மீட்டர் இதுக்குப் பின்னாடியா இருக்கு?" என்று அவர் கேட்டதை ஓவியர் விமர்சனமாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கவில்லை.

ஆகவே துறையின் 'பல்லின ஒற்றுமை ஓவியக் கண்காட்சி'க்கு அழைப்பு வந்ததும், தன் ஆகச்சிறந்த படத்தைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் நிற்கவைத்து, தானும் அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டே போனார். ஆறடிக்கு நான்கடி. முழுக்க வெளிர்நீலம். கீழ்மூலையில் மட்டும், கைப்பிடி கழன்ற ஒரு சிவப்பு வாளி.

துறை இயக்குநர் தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"பிரமாதம் சார். வாளிதானே?"

"வாளிதாங்க."

"எந்த இனத்து வாளி?"

"எங்க வீட்டு வாளிங்க."

"அதில்ல சார். இது ஒற்றுமைக் கண்காட்சி. அதனால இனத்துக்கொரு ரூம் ஒதுக்கியிருக்கோம், யாரும் யாரையும் இடிச்சுக்கக் கூடாது பாருங்க. நம்பர் போட்டா யாரு முதல்னு சண்டை வரும்னு கலர் போட்டிருக்கோம். மஞ்சள், பச்சை, ஊதா, காப்பிக் கலர். நீங்க எது?"

ஓவியர் யோசித்தார். "அப்பா மஞ்சள். அம்மா பச்சை. வீட்டுக்காரி ஊதா."

"வாளியை வாங்கினது யாரு?"

"மாமியார் கொடுத்தாங்க."

"அப்ப ஊதா!" இயக்குநர் மலர்ந்தார்.

"மாமியாரோட அப்பா காப்பிக் கலருங்க."

இயக்குநர் பேனாவை மூடிவிட்டு அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

நான்கு இனப் பிரதிநிதிகளும் ஒரு கலை விமர்சகரும் மூன்று மணி நேரம் வாளியைப் பரிசீலித்தார்கள். வாளியில் தண்ணீர் இல்லாதது, தங்கள் மக்கள் குளிப்பதில்லை என்று குத்திக்காட்டுவதாக மஞ்சள் பிரதிநிதி கொதித்தார். கைப்பிடி இல்லாதது, தங்களைக் கைதூக்கிவிட ஆளில்லை என்பதையே காட்டுவதால் வாளி தங்களுடையதே என்றார் பச்சைப் பிரதிநிதி. ஊதாவும் காப்பியும் ஒருவர் பேசும்போது மற்றவர் இருமினார்கள். விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டு, "இது வாளியே அல்ல. வாளியின் இன்மை" என்றார். அந்தக் கருத்து ஏகமனதாகப் பாராட்டப்பட்டது. யாருக்கும் புரியாததால் குறிப்பேட்டில் மட்டும் ஏறவில்லை.

கடைசியில் இயக்குநரே வழி கண்டுபிடித்தார். "வாளியில நாலு கலர்லயும் கோடு போட்டுக் கொடுத்துருங்க சார். ரூமுக்கு ரெண்டு நாள்னு மாத்தி மாத்தி மாட்டிடலாம். இல்லேன்னா, பாத்ரூம் போற வழியிலதான் இடமிருக்கு. அங்க எல்லா இனமும் போகும்."

ஓவியர் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சளைக் குழைத்து, தூரிகையைத் தூக்கிவிட்டார். பதினோரு வருடம் கழித்து ஒரு சுவர் கிடைக்கிறது. விடுவதா?

மனைவி எட்டிப் பார்த்தாள். "கோடு போட்டா அது வாளி இல்லீங்க, கொடி. நான் கொடியில தண்ணி மொண்டு குளிக்க மாட்டேன்."

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அலுவலகத்துக்கு 'முடியாது' என்று சொல்லியனுப்பினார். படம் கழிப்பறை வழிக்குப் போனது.

திறப்பு விழாவன்று நான்கு அறைகளிலும் நான்கு இன மக்கள், பரீட்சை எழுத வந்தவர்கள் போல ஓசையில்லாமல் தங்கள் தங்கள் அடையாளத்தைப் பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு தேநீர் கொடுக்கப்பட்டது. அரைமணி நேரத்தில் கழிப்பறை வழியில் வரிசை நின்றது.

"அட, இது எங்க வீட்டு வாளி!" என்றார் வரிசையில் நின்ற ஒரு பருத்த மனிதர்.

"போங்க சார், எங்க வீட்டுதும் இப்படித்தான் கழண்டுச்சு. கயிறு கட்டி வச்சிருக்கேன்," என்றாள் எதிர் வரிசைக்காரி.

"கயிறு இத்துப்போகும்மா. கம்பி போடுங்க!"

"கம்பி கையைக் கிழிக்கும். துணியைச் சுத்துங்க!"

கயிற்றுக் கட்சி, கம்பிக் கட்சி, துணிக் கட்சி என்று சபை பிரிந்தது. எந்தக் கட்சியில் எந்த நிறம் என்று யாருக்கும் தெரியவில்லை. சிரிப்பில், முறை வந்தவர்கள் உள்ளே போகவே மறந்தார்கள். தூண் மறைவில் நின்ற ஓவியருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதீங்க, பாக்குறாங்க," என்றாள் மனைவி.

"பாக்கட்டும்," என்றார் ஓவியர். "அதுக்குத்தானே வரைஞ்சேன்."

அமைச்சர் வந்தார். நான்கு அறைகளும் காலி. சத்தம் கேட்ட திசையில் போனால், நாடே தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிறது! அமைச்சர் நெகிழ்ந்தார். "யாரோட ஏற்பாடு இது?"

"என்னோடதுதாங்க ஐயா," என்றார் இயக்குநர்.

"இதுதான்யா ஒற்றுமை! இதை உடனே பாதுகாக்கணும்!"

துறை தூங்கவில்லை. மூன்றே மாதத்தில் அந்த இடத்திலேயே, படத்தைச் சுற்றி, பளிங்கில் ஓர் அறை எழுந்தது. ஓவியரும் மனைவியும் இருக்கிற நல்ல உடையை உடுத்திக்கொண்டு பார்க்கப் போனார்கள். அறையை ஒருமுறை சுற்றினார்கள். இன்னொருமுறை சுற்றினார்கள்.

"சார், கதவைக் காணோமே?"

"அதுக்கு மட்டும் பதினாலு கூட்டம் போட்டோம் சார்," என்றார் இயக்குநர். "எந்த ரூமைப் பாத்து வச்சாலும் மத்த மூணு பேர் மனசு புண்படும். அதான் வைக்கல."

"அப்ப யாருமே பாக்க முடியாதா?" என்றாள் மனைவி.

"முடியாதும்மா," என்றார் இயக்குநர், நெஞ்சில் கைவைத்து. "இந்த நாட்டுல நாலு இனத்துக்கும் சமமாக் கிடைச்ச முதல் விஷயம் இதுதான்."